தோனி சிக்ஸ் அடித்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பாஸ்ட் கன்டினியூவஸ் டென்ஸ்: முழுமையான வழிகாட்டி

2011 ஏப்ரல் 2, இரவு. மும்பை வான்கடே மைதானத்தில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இலங்கை வைத்த 275 ரன் இலக்கை இந்தியா நெருங்கிவிட்டது. குலசேகர வீசிய பந்தைத் தோனி சிக்ஸருக்குத் தூக்கினார். பத்துப் பந்துகள் மீதமிருக்கும்போதே ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த நொடியில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டால், ஆட்டத்தைப் பின்தொடர்ந்த எல்லாரிடமும் ஒரு பதில் இருக்கும். "டீக்கடை டிவி முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தோம்." "ஹாஸ்டல்ல பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தேன்." "நான் தூங்கிட்டு இருந்தேன், வெடிச்சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்."

இந்தப் பதில்களை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமென்றால் பாஸ்ட் கன்டினியூவஸ் டென்ஸ் வேண்டும். தமிழ்ப் பாடங்களில் இதைத் தொடர் இறந்தகாலம் என்பார்கள். சில ஆங்கில இலக்கண நூல்களில் பாஸ்ட் ப்ரொக்ரெசிவ் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். நிற்பது, படிப்பது, தூங்குவது எல்லாம் சிக்ஸுக்கு முன்பே தொடங்கிவிட்டன. சிக்ஸ் பறந்தபோது இன்னும் முடியவில்லை. கடந்த காலத்தில் ஒரு கணத்தை எடுத்து, அதற்குள் எட்டிப் பார்த்தால், பாதியில் நடந்துகொண்டிருக்கும் வேலைகள் தெரிகின்றன அல்லவா, அவற்றுக்கான வடிவம் இது.

தமிழில் இதே வேலையைக் "கொண்டிருந்தேன்" செய்கிறது. அதனால் நமக்கு இது எளிது என்று தோன்றும். பெரும்பாலும் எளிதுதான். ஆனால் எந்தெந்த இடங்களில் தமிழும் ஆங்கிலமும் பிரிந்து போகின்றனவோ, அங்கேதான் நாம் எல்லாரும் தவறு செய்கிறோம். அந்த இடங்களை இந்தக் கட்டுரையில் நிதானமாகப் பார்க்கப் போகிறேன். வடிவத்தை முதலில் முடித்துவிடுவோம்.

படி 1: வாஸா, வேரா?

ஒருமைக்கு வாஸ், பன்மைக்கு வேர். ஐ, ஹி, ஷி, இட் ஆகியவற்றோடு வாஸ் வரும். வி, தே, யூ ஆகியவற்றோடு வேர் வரும்.

இதில் குழப்புவது யூ ஒன்றுதான். எதிரில் ஒரே ஆள் நின்றாலும் "யூ வேர்" என்றுதான் சொல்ல வேண்டும், ஏன்? நம் "நீங்கள்" என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் பேசினாலும் "நீங்கள் இருந்தீர்கள்" என்று பன்மை வினைதான் போடுகிறோம். யூ என்பதும் பழைய ஆங்கிலத்தில் பன்மைச் சொல்லாகவே இருந்தது. ஒருமைக்குத் தௌ என்று வேறொரு சொல் இருந்தது, நம் "நீ" மாதிரி. காலப்போக்கில் தௌ வழக்கொழிந்துபோய், யூ மட்டும் தன் பன்மை வினையோடு நிலைத்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களே ஒருவரைக் குறிக்கும்போது "யூ வாஸ்" என்று எழுதியிருக்கிறார்கள். ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில் அதைக் கடுமையாகக் கண்டித்தார். ஆகவே இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியது என்று யாரும் கூச்சப்பட வேண்டாம்.

இன்னும் சில சொற்களைக் கவனியுங்கள். எவ்ரிபடி, எவ்ரிஒன் இரண்டும் "எல்லாரும்" என்று பொருள் தந்தாலும் ஒருமை: "எவ்ரிஒன் வாஸ் ஷௌட்டிங்." பீப்பிள், போலீஸ் இரண்டும் பன்மை: "தி போலீஸ் வேர் சர்ச்சிங் தி ஹவுஸ்."

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வாஸ் என்பதன் கடைசி ஒலி நம் "ஸ்" இல்லை, தேனீ ரீங்கரிப்பது போல அதிரும் ஒலி. வேகமாகப் பேசும்போது வாஸ் என்ற சொல்லே சுருங்கி "வஸ்" போல ஆகிவிடும். கேட்கும்போது அது காதில் விழாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

படி 2: வினையோடு இங் சேர்ப்பது

பேசும்போது இதில் சிக்கல் எதுவும் இல்லை. ஈட் ஈட்டிங் ஆகிறது, கோ கோயிங் ஆகிறது. முடிவில் "கோயிங்கு" என்று உகரம் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். "அங்ஙனம்" என்ற சொல்லை "அங்" என்பதோடு நிறுத்தினால் வரும் ஒலிதான் சரியான முடிவு.

எழுதும்போது எழுத்துக்கூட்டலில் நான்கைந்து விதிகள் இருக்கின்றன. ரைட், மேக், கம், டிரைவ் போன்ற வினைகளின் கடைசியில் ஒலிக்காத ஈ என்ற எழுத்து நிற்கும். இங் வந்ததும் அது போய்விடும். சீ, அக்ரீ போன்றவற்றில் இரண்டு ஈ இருக்கும். அவை ஒலிப்பதால் இரண்டும் அப்படியே நிற்கும். ரன், சிட், ஸ்டாப், கட் போன்ற ஓரசைச் சொற்களில் ஒரே ஒரு உயிரெழுத்தும் அதன் பின் ஒரே ஒரு மெய்யெழுத்தும் இருந்தால், அந்தக் கடைசி மெய்யை இரண்டு முறை எழுத வேண்டும். ரெயின், ஈட், ஸ்லீப் போன்றவற்றில் உயிரெழுத்து இரண்டு, அதனால் மெய் இரட்டிக்காது. டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய மூன்றும் ஒருபோதும் இரட்டிக்காது.

ஓரசைக்கு மேற்பட்ட சொல் என்றால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிகின் என்பதில் கடைசி அசை அழுத்தமாக ஒலிக்கிறது, அதனால் கடைசி எழுத்தான என் (n) இரட்டிக்கும். ஓப்பன், லிசன், விசிட் ஆகியவற்றில் முதல் அசை அழுத்தம், இரட்டிக்காது. டிராவல் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்: பிரிட்டிஷ் வழக்கில் எல் இரண்டு, அமெரிக்க வழக்கில் ஒன்று. நம் பள்ளிகளில் பொதுவாகப் பிரிட்டிஷ் முறையையே சொல்லித் தருவதால் இரண்டு எழுதுங்கள். கடைசியாக, லை, டை போல ஐயும் ஈயும் சேர்ந்து முடியும் சொற்களில் அந்த இரண்டும் போய் ஒய் வந்து நிற்கும்.

படி 3: சேர்த்துச் சொல்வது, மறுப்பது, கேட்பது

வரிசை இதுதான்: யார் என்பது முதலில், பிறகு வாஸ் அல்லது வேர், பிறகு இங் வினை, கடைசியில் மற்றவை. "ஐ வாஸ் வாச்சிங் தி மேட்ச்." "தே வேர் ஸ்டாண்டிங் அவுட்சைட்."

மறுப்பதற்கு நடுவில் நாட் போட்டால் போதும்: "ஐ வாஸ் நாட் ஸ்லீப்பிங்." பேச்சில் வாசன்ட், வேரன்ட் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

கேள்விக்கு வாஸ் அல்லது வேர் முன்னால் வரும்: "வேர் யூ ஸ்லீப்பிங்?" பதில் "யெஸ், ஐ வாஸ்" அல்லது "நோ, ஐ வாசன்ட்." கேள்விச்சொல் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால்: "வாட் வேர் யூ டூயிங்?" இங்கே நம்மவர்கள் நிறையப் பேர் "வாட் யூ வேர் டூயிங்?" என்று கேட்டுவிடுகிறார்கள். தமிழில் "நீ என்ன செய்துகொண்டிருந்தாய்" என்று கேட்கும்போது வரிசையைப் புரட்ட வேண்டிய தேவை இல்லை, அதனால் கை தானாக அப்படிப் போகிறது. இதை வாய்விட்டு இருபது முறை சொல்லிப் பழகுவதுதான் மருந்து. யார் செய்தது என்றே கேட்கும்போது மட்டும் புரட்ட வேண்டாம்: "ஹூ வாஸ் சிங்கிங்?"

படி 4: வென், வைல், இரண்டு டென்ஸும் சந்திக்கும் இடம்

இந்த டென்ஸ் பெரும்பாலும் தனியாக வராது. கூடவே சிம்பிள் பாஸ்ட், அதாவது ஹிட், கேம் போன்ற சாதாரண இறந்தகாலம் வரும். ஒன்று நீளமான வேலை, மற்றொன்று அதன் நடுவில் குறுக்கிட்ட சட்டென்ற நிகழ்வு. "வென் தோனி ஹிட் தி சிக்ஸ், யுவராஜ் வாஸ் ஸ்டாண்டிங் அட் தி அதர் எண்ட்." சிக்ஸ் அடித்தது நொடியில் நடந்தது, யுவராஜ் மறுமுனையில் நின்றது அதற்கு முன்பிருந்தே தொடர்ந்தது.

வைல் நீளமான வேலையின் பக்கம் நிற்கும்: "வைல் ஐ வாஸ் குக்கிங், தி கேஸ் ரேன் அவுட்." சமைத்துக்கொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. இரண்டு வேலைகளும் நீளமாக, ஒரே நேரத்தில் நடந்திருந்தால் இரண்டு பக்கமும் இதே டென்ஸ் வரும்: "வைல் அம்மா வாஸ் குக்கிங், அப்பா வாஸ் கட்டிங் வெஜிடபிள்ஸ்." வைல் என்ற இடத்தில் டியூரிங் போடாதீர்கள். டியூரிங் என்ற சொல்லுக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும்: "டியூரிங் தி மேட்ச்."

இப்போது இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"வென் ஹி கேம், ஐ மேட் டீ."
"வென் ஹி கேம், ஐ வாஸ் மேக்கிங் டீ."

முதலாவதில் அவர் வந்தார், பிறகு நான் டீ போட்டேன். விருந்தாளிக்காகப் போட்ட டீ அது. இரண்டாவதில் அவர் வருவதற்கு முன்பே அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அவர் வந்தது தற்செயல். வடிவத்தில் சின்ன மாற்றம்தான், கதையே வேறாகிவிடுகிறது.

இதைவிட அழுத்தமான உதாரணம் ஒன்று உண்டு. "தி பாய் வாஸ் ட்ரௌனிங்" என்றால் பையன் நீரில் தத்தளித்துக்கொண்டிருந்தான், யாராவது குதித்துக் காப்பாற்றியிருக்கலாம். "தி பாய் ட்ரௌண்ட்" என்றால் மூழ்கி இறந்துவிட்டான். வேலை முடிந்துவிட்டது என்று சிம்பிள் பாஸ்ட் சொல்கிறது. முடிந்ததா இல்லையா என்று இந்த டென்ஸ் சொல்வதே இல்லை. "ஐ வாஸ் ரீடிங் எ நாவல் லாஸ்ட் நைட்" என்றால் நாவலை முடித்தேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 5: தமிழும் ஆங்கிலமும் பிரியும் இடங்கள்

இதுவரை சொன்னது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். இனி வருவது தமிழை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கானது. இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

முதலாவது, தமிழில் "இருந்தேன்" என்று மட்டும் முடிந்து, ஆங்கிலத்தில் இந்த டென்ஸ் கேட்கும் வினைகள். "கொண்டிருந்தேன்" என்ற ஒட்டு இல்லாததால் நமக்கு வாஸ், இங் நினைவுக்கே வராது. ஆனால் பாருங்கள்:

"பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்." "ஹி வாஸ் சிட்டிங் ஆன் தி பெஞ்ச்."
"நாய் வாசலில் படுத்திருந்தது." "தி டாக் வாஸ் லையிங் அட் தி டோர்."
"உனக்காகக் காத்திருந்தேன்." "ஐ வாஸ் வெய்ட்டிங் ஃபார் யூ."
"நீலச் சட்டை போட்டிருந்தார்." "ஹி வாஸ் வேரிங் எ ப்ளூ ஷர்ட்."

காரணம் தெரிந்தால் மறக்காது. உட்காருவதைத் தமிழ் ஒரு செயலாகப் பார்க்கிறது. உட்கார்ந்தாயிற்று, அதன் பிறகு அந்த நிலையில் இருக்கிறோம். அதனால் உட்கார்ந்து, இருந்தார். ஆங்கிலத்திலோ உட்கார்ந்த நிலையே ஒரு தொடரும் செயலாக எண்ணப்படுகிறது. சட்டை விஷயத்தில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. "சட்டை போட்டுக்கொண்டிருந்தார்" என்றால் கையை நுழைத்துப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார் என்று பொருள். அதற்கு ஆங்கிலத்தில் "ஹி வாஸ் புட்டிங் ஆன் எ ஷர்ட்." நாம் "போட்டிருந்தார்", "போட்டுக்கொண்டிருந்தார்" என்று ஒரே வினையை வைத்துச் செய்வதை அவர்கள் வேர் (wear, வாஸ்-வேர் ஜோடியில் வரும் வேர் இல்லை), புட் ஆன் என்ற இரண்டு வினைகளை வைத்துச் செய்கிறார்கள்.

இரண்டாவது, இதற்கு நேரெதிர். தமிழில் "இருந்தது", "இருந்தேன்" என்று கேட்டதும் வாஸ் போட்டு, இங் சேர்த்துத் தவறாகச் சொல்லும் இடங்கள். "அப்போது நான் ஒரு சைக்கிள் வைத்திருந்தேன்" என்பதை "ஐ வாஸ் ஹேவிங் எ சைக்கிள்" என்று சொல்லிவிடுகிறோம். சொந்தமாக இருப்பது ஒரு நிலை, அதில் நடப்பதற்கு எதுவும் இல்லை. "ஐ ஹேட் எ சைக்கிள்" என்பதுதான் சரி. "அவரைத் தெரிந்திருந்தது" என்றால் "ஐ நியூ ஹிம்." தெரிவது, புரிவது, பிடிப்பது, நம்புவது, வேண்டும் என்பது, சொந்தமாக இருப்பது ஆகிய மனநிலைகளும் உடைமைகளும் இங் வடிவத்துக்குள் பொதுவாக வராது.

ஆனால் அதே வினை வேறு பொருளில் வந்தால் வரும். "வி வேர் ஹேவிங் லஞ்ச்" முழுக்கச் சரி, ஏனென்றால் அங்கே ஹேவ் என்பது சாப்பிடுவது. "குழந்தையைக் கையில் வைத்திருந்தாள்" என்றால் அது உடைமை இல்லை, கையில் ஏந்தியிருப்பது, ஆகவே "ஷி வாஸ் ஹோல்டிங் தி பேபி." நினைப்பதையும் பாருங்கள். "உன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்பது "ஐ வாஸ் திங்கிங் அபௌட் யூ." "நீ வரமாட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்பதில் இருப்பது ஒரு கருத்து, அதனால் "ஐ தாட் யூ வுடன்ட் கம்." தமிழ் வினை இரண்டிலும் எழுத்து மாறாமல் ஒன்றே. பொருளைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது, பழைய பழக்கங்கள். "பள்ளிக்கூடத்துக்கு தினமும் நடந்து போய்க்கொண்டிருந்தேன்" என்று தமிழில் இயல்பாகச் சொல்வோம். இதை "ஐ வாஸ் வாக்கிங் டு ஸ்கூல் டெய்லி" என்று மாற்றுவதுதான் நான் மிக அதிகமாகக் கேட்கும் தவறு. ஆங்கிலத்தில் பழக்கத்துக்கு "ஐ யூஸ்ட் டு வாக் டு ஸ்கூல்" அல்லது "ஐ வாக்ட் டு ஸ்கூல் எவ்ரி டே." இத்தனை முறை என்று எண்ணிக்கை சொன்னாலும் சிம்பிள் பாஸ்ட்தான்: "ஐ கால்ட் யூ த்ரீ டைம்ஸ்."

நான்காவது, கால அளவு. "பத்து வருடம் துபாயில் வேலை செய்தேன்", இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன் என்றால், முடிந்த கணக்கு: "ஐ வொர்க்ட் இன் துபாய் ஃபார் டென் இயர்ஸ்." "அவரைச் சந்தித்தபோது அங்கே பத்து வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன்" என்றால் அதற்கு ஹேட் பீன் வேண்டும்: "வென் ஐ மெட் ஹிம், ஐ ஹேட் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் டென் இயர்ஸ்." தமிழ் வாக்கியத்தில் "வருடமாக", "நாளாக" என்ற "ஆக" தெரிந்தால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

ஐந்தாவது, பிறர் சொன்னதைச் சொல்வது. போனில் நண்பர் "ஐ ஆம் கமிங்" என்றார். அதை வீட்டில் சொல்கிறோம்: "வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்." தமிழில் அவருடைய நிகழ்காலம் அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் சொன்னார் என்பது கடந்துபோனதால் உள்ளே இருப்பதும் பின்னால் நகரும்: "ஹி செட் ஹி வாஸ் கமிங்."

படி 6: இன்னும் சில பயன்கள்

பணிவு. தமிழில் ஒரு உதவி கேட்கும்போது "ஒரு விஷயம் கேட்கலாம்னு வந்தேன்" என்று இறந்தகாலத்தில் தொடங்குவோம், கேட்பது இப்போதுதான் என்றாலும். ஆங்கிலத்திலும் அதே நாகரிகம் இருக்கிறது: "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மீ." மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் இது மிகவும் உதவும்.

போட்ட திட்டம் நடக்காமல் போனது. "உனக்கு போன் பண்ணலாம் என்று இருந்தேன்" என்பதற்கு "ஐ வாஸ் கோயிங் டு கால் யூ." இது பேச்சில் தினமும் வரும்.

எரிச்சல். "எப்போது பார்த்தாலும் என் பேனாவை வாங்கிக்கொண்டே இருப்பான்" என்ற தொனிக்கு ஆல்வேஸ் சேர்க்க வேண்டும்: "ஹி வாஸ் ஆல்வேஸ் பாரோயிங் மை பென்." பழக்கத்துக்கு இந்த டென்ஸ் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு.

செயப்பாட்டு வினை. 2023இல் பாம்பனில் புதிய ரயில் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது: "இன் 2023, தி நியூ பாம்பன் பிரிட்ஜ் வாஸ் பீயிங் பில்ட்." நடுவில் வரும் பீயிங் என்பதை விட்டுவிட்டால் கட்டி முடிந்துவிட்டது என்று பொருள் மாறிவிடும். இந்த பீயிங் வடிவம் ஆங்கிலத்திலேயே பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவத் தொடங்கியது. அதற்கு முன் "தி ஹவுஸ் வாஸ் பில்டிங்" என்றே எழுதினார்கள், வீடே எதையோ கட்டிக்கொண்டிருந்தது போல.

படி 7: கையில் பேனாவோடு

ஆறு வாக்கியங்கள் தருகிறேன். கீழே பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

1. நான் போனபோது அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.
2. அவள் பச்சைப் புடவை கட்டியிருந்தாள்.
3. தாத்தா இரண்டு மாட்டுவண்டி வைத்திருந்தார்.
4. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.
5. நேற்று எட்டு மணிக்கு யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?
6. சின்ன வயதில் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தோம்.

முதலாவது நேரடியானது: "வென் ஐ காட் தேர், மை ஃபாதர் வாஸ் ரீடிங் தி பேப்பர்." இரண்டாவதில் கட்டியிருந்தாள் என்பது சட்டை போட்டிருந்தார் போலத்தான்: "ஷி வாஸ் வேரிங் எ க்ரீன் சாரி." மூன்றாவது உடைமை: "மை கிராண்ட்ஃபாதர் ஹேட் டூ புல்லக் கார்ட்ஸ்." நான்காவது: "வைல் ஐ வாஸ் வெய்ட்டிங் ஃபார் தி பஸ், இட் ஸ்டார்ட்டெட் டு ரெயின்." ஐந்தாவதில் வரிசை புரள வேண்டும்: "ஹூ வேர் யூ டாக்கிங் டு அட் எய்ட் யெஸ்டர்டே?"

ஆறாவது பழக்கம் என்றால் "வி யூஸ்ட் டு பேத் இன் தி ரிவர்." ஆனால் அந்த வாக்கியத்தைத் தொடர்ந்து "ஒருநாள் அப்படிக் குளித்துக்கொண்டிருந்தோம், திடீரென்று வெள்ளம் வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், அந்த இரண்டாவது "கொண்டிருந்தோம்" பழக்கம் இல்லை. வெள்ளம் வந்த கணத்தில் தண்ணீருக்குள் இருந்தார்கள்: "ஒன் டே வி வேர் பேதிங் இன் தி ரிவர் வென் தி ஃப்ளட் கேம்."